தூணில் போட்ட கோடு

சுங்கை கெலாடி நூலகக் கிளை,
கோத்தா திங்கி மாவட்டம்.
6 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மீரா பீவி அவர்களுக்கு,

வணக்கம். என்னிடமிருந்து கடிதம் வந்ததில் ஆச்சரியப்படுவீர்கள். உங்கள் எண்ணைக் கைப்பேசியில் தடுத்து வைத்தது நான்தான். மூன்று வருடம் கழித்து அதைத் திறந்து ‘ஹலோ’ சொல்ல எனக்கு முகமில்லை; விருப்பமும் இல்லை. அலுவலக விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

டிசம்பரில் நம் கிளைக்கு நாற்பது வயது ஆகிறது. விழா எடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு. கிளையின் வரலாற்றை மலாயிலும் தமிழிலும் சிறு புத்தகமாகப் போடும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நான் வேலைக்குச் சேருவதற்கு முந்திய காலம் எனக்குத் தெரியாது. நம் பழைய ஆள் அய்யாவு அண்ணனைக் கேட்டால் காலையில் ஒரு கதை, மாலையில் வேறு கதை. கிளையைத் திறந்த நாளிலிருந்து பொறுப்பில் இருந்தவர் நீங்கள். ஆரம்ப கால விவரங்களை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும். உங்கள் பெயரைக் கண்டிப்பாகப் போடுகிறேன்.

என் வீட்டுக்காரர் தங்கராஜுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிரேமலா

—

தங்காக்
15 அக்டோபர்

பிரேமலாவுக்கு,

‘மதிப்பிற்குரிய மீரா பீவி அவர்கள்’ என்று படித்ததும் எனக்கே தெரியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏதோ பட்டம் கொடுக்கப் போகிறார்களாக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் படித்த பிறகுதான், வேலை வாங்கப் போகிறாய் என்று தெரிந்தது.

தங்கராஜு விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. எவ்வளவு ஓடியாடித் திரிந்த மனுஷன்! தினமும் துஆ செய்கிறேன் என்று அவரிடம் சொல்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு எனக்கு ஒரு அட்டை வந்தது. ‘முன்னாள் ஊழியர்’ என்று அச்சடித்து, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாய். அந்தக் கிளைக்குக் கதவு வைத்ததே நான். என் பெயரை எழுத உன் பேனாவில் மை இல்லையா? இதை அதிலேயே எழுதித் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு வந்தாலும் அனுப்புவேன். அந்தக் கட்டடத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை, பார்க்கும் ஆசையும் இல்லை.

சரி, வரலாறு.

தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணி குடியிருந்த பலகை வீடுதான் பழைய நூலகம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சிமெண்ட் கால்களின் மேல் நின்றது. அடியில் ஆடுகள் நிழலுக்குப் படுத்திருக்கும். தலையைக் குனிந்தால் நாமே உள்ளே போய் வரலாம். மேலிடம் கொடுத்தது இரண்டு அலமாரி மலாய் புத்தகம். தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. கோயில் கமிட்டியில் கொஞ்சம், பள்ளிவாசல் பக்கம் இருந்த நம்மாட்கள் வீடுகளில் கொஞ்சம் என்று நான் சாக்கு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டு வாங்கினேன். மளிகைக் கடைச் சீனர் நாற்காலிகள் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கால் குட்டை.

முதல் பெரிய மழையில் ஆறு ஏறியபோது கம்பத்து ஊர் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, நூலகத்துக்கு வந்தார்கள். படி ஏறி வரலாம், மேசைகள் இருக்கின்றன, கழிப்பறையும் மேலேயே இருக்கிறது. ராசம்மாவுக்கு ஷாமளா பிறந்தது நம் வாசிப்பு மேசையில்தான். அதைப் புத்தகத்தில் போடு. ஷாமளா கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீர் வடிந்ததும், சேற்றைக் கழுவும் முன்பே, அய்யாவு அண்ணன் நடுத்தூணில் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டார். தோட்டத்துக்குப் போர்டு எழுதுகிற கை அல்லவா, நூல் பிடித்த மாதிரி இருந்தது. பக்கத்தில் வருடத்தை நான் எழுதினேன். அதிலிருந்து அதுவே வழக்கம். கோடு அவர் கை, வருடம் என் கை. மழைக்காலம் தொடங்கினால் ஆக உயரமான கோட்டுக்குக் கீழே இருக்கும் புத்தகங்களை மேல் தட்டுக்கு ஏற்றுவோம். ஆட்கள் மேசை மேல் ஏறிக்கொள்வார்கள். இரண்டாயிரத்து ஆறு வெள்ளத்தில்கூட உள்ளே முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரவில்லை. நீயும்தான் என்னோடு மேசை மேல் உட்கார்ந்து மெகி நூடுல்ஸ் சாப்பிட்டாயே.

என் பெயரைப் போடாவிட்டாலும் பரவாயில்லை. போட்டால் ஒழுங்காகப் போடு.

மீரா

—

சுங்கை கெலாடி
3 நவம்பர்

மீராக்கா,

‘அவர்களை’ எடுத்துவிட்டேன். சந்தோஷமா?

அட்டையைப் பற்றிச் சொல்கிறேன். மேலிடத்தில் அச்சடித்து வந்த கட்டு அது, நான் முகவரி ஒட்டினேன், அவ்வளவுதான். பெயரை எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் திருப்பி அனுப்பியது நேராக என் மேலதிகாரி மேசைக்குப் போனது. எல்லோர் முன்னாலும் எடுத்து வாசித்தார். அன்றைக்குத்தான் உங்கள் எண்ணைத் தடுத்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

புத்தகம் நன்றாக வருகிறது. ஷாமளா கோபிக்கவில்லை, பிள்ளைகளிடம் காட்டி பெருமைப்படுகிறாள்.

நீங்கள் பார்க்கமாட்டேன் என்று சொல்லும் கட்டடத்தைப் பற்றி நானே சொல்கிறேன். முழுவதும் கல் கட்டடம், ஏர்கோன் போட்டிருக்கிறார்கள். வாசலில் படியே கிடையாது. தங்கராஜு நாற்காலியை ரோட்டிலிருந்து நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடலாம். பழைய சிமெண்ட் படிக்கட்டை மட்டும் இடிக்காமல் முற்றத்திலேயே விட்டுவிட்டார்கள். ஏறினால் போக இடமில்லை, அதனால் பூச்சட்டி வைத்திருக்கிறேன்.

உங்கள் கோடுகள் போய்விட்டன என்று வருத்தப்படாதீர்கள். பலகை வீட்டை இடிப்பதற்கு முந்தின நாள் நானும் அய்யாவு அண்ணனும் டேப் வைத்து ஒவ்வொரு கோடும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வைத்தோம். புதுக் கட்டடத்து நடுத்தூணுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, அதே உயரத்தில் எல்லாக் கோட்டையும் அண்ணன் திரும்பப் போட்டார். வருடங்களை உங்கள் எழுத்து மாதிரியே நான் எழுதினேன். வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். புத்தகத்தின் அட்டைப் படமும் அதுதான். கீழே, ‘நாற்பது வருடத்தில் தண்ணீர் தாண்டாத கோடு’ என்று போட்டிருக்கிறோம்.

எனக்கும் அதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அக்கா. எங்கள் வீடு ஆற்றோரம். பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கராஜுக்கு வசதியான கழிப்பறை இல்லை. இந்த முறை தண்ணீர் ஏறினால் அவரை நூலகத்துக்குக் கொண்டுபோய், மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்துவிடுவேன். முழங்கால் தண்ணீர்தானே.

மழை பிடித்துவிட்டது. விடாமல் பெய்கிறது.

பிரேமலா

—

தங்காக்
9 நவம்பர்

பிரேமலா,

நேற்றிலிருந்து உன்னைப் பிடிக்கப் பார்க்கிறேன். என் போன் வராது, தெரியும். மகன் நவ்சாத் போனில் கூப்பிட்டேன். அவன் கடைப் பையன்கள் போனில் கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்றால் மோசடிக்காரன் என்று நீ எடுக்கவே மாட்டாய். நூலகத்துத் தொலைபேசியும் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நீ எந்தத் தரையிலிருந்து அளந்தாய்?

பலகை வீட்டுத் தரை மண்ணிலிருந்து ஆளுயரத்துக்குப் பக்கம் மேலே இருந்தது. அதனால்தான் உள்ளே முழங்கால் தண்ணீர். அதே நேரம் வெளியே முற்றத்தில் நின்றவன் முழுகியிருப்பான். இப்போது உன் கட்டடத்துக்குப் படியே இல்லை என்கிறாய். அப்படியென்றால் உன் தரைதான் அந்த முற்றம். கோட்டை நீ கீழே இறக்கி வைத்துவிட்டாய், அம்மா. அந்த இரண்டாயிரத்து ஆறு வெள்ளம் இன்றைக்கு வந்தால் உள்ளே தண்ணீர் உன் தலைக்கு மேலே நிற்கும். தங்கராஜு மேசையில் படுத்திருப்பார்.

அவரை அங்கே கொண்டுபோகாதே. யாரையும் வர விடாதே. கோட்டை அழி.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

மீராக்கா

—

சுங்கை கெலாடி
16 நவம்பர்

மீராக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுதக்கூடாது என்றிருந்தேன். முடியவில்லை.

நான் செய்த எதை நீங்கள் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள்? புத்தகங்களை வரிசை மாற்றினால் தப்பு. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கேட்டால் தப்பு. உங்கள் கோடுகள் குப்பைக்குப் போகாமல் இடுப்பு ஒடிய நின்று காப்பாற்றினேன், அதுவும் தப்பு. நீங்கள் இல்லாத கட்டடத்தில் உங்கள் கோடு இருக்கக்கூடாது, அதுதானே?

கட்டடம் கட்டியவர்கள் படித்தவர்கள். வேலை தொடங்கும்போது லோரி லோரியாக மண் கொண்டுவந்து கொட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். இடத்தை உயர்த்திவிட்டுத்தான் கட்டினார்கள். அய்யாவு அண்ணனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “என்னா பிரேமலா, நா போட்ட கோடு பொய்யா? அவங்க கோவத்துல எழுதுறாங்க, விடு” என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. உங்கள் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒழுங்காக.

பிரேமலா

—

தங்காக்
20 நவம்பர்

பிரேமலா,

திட்டு. பிறகு இன்னும் திட்டு. ஒன்றை மட்டும் செய்.

லோரியில் மண் வந்தது என்கிறாய். அந்த மண் இடத்தை உயர்த்தியிருந்தால் பழைய படிக்கட்டு புதைந்திருக்க வேண்டும். நீ அதில் பூச்சட்டி வைத்திருக்கிறாய். எல்லாப் படியும் வெளியே தெரிகிறதா, இல்லையா?

சட்டிகளை எடுத்து வைத்துவிட்டு மேல் படியில் ஏறி நில். அதுதான் நம் பழைய தரை. உன் முழங்காலைத் தொட்டுப் பார். அந்த உயரத்தில் நேராகப் புதுக் கட்டடத்தைப் பார். எது தெரிகிறது என்று எனக்கு எழுது. அதற்குப் பிறகும் நான் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன்.

மீராக்கா

—

சுங்கை கெலாடி
4 டிசம்பர்

அக்கா,

உங்கள் கடிதம் வந்தும் பல நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்று மழை கொஞ்சம் விட்டபோது போய் ஏறினேன்.

எல்லாப் படியும் வெளியேதான் இருக்கிறது. மேல் படியில் நின்று முழங்காலைத் தொட்டேன். புதுக் கட்டடத்துக் கண்ணாடி ஜன்னலின் மேல் விளிம்பு அந்த முழங்காலுக்கு நேராக இருந்தது. கண்ணாடி வழியாக உள்ளே நடுத்தூண் தெரிந்தது. கோடு கீழே, நாற்காலி உயரத்தில் கிடந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ரோட்டில் போனவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இனி தங்கராஜை அங்கே கொண்டுபோகமாட்டேன். சத்தியம்.

ஆனால் அக்கா, புத்தகம் வந்துவிட்டது. கம்பம் முழுவதும் வீட்டுக்கு வீடு கொடுத்தாகிவிட்டது. கோட்டைப் பற்றி இரண்டு பேரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். ராசம்மா அக்கா சிரிக்கிறார். “அலமாக், நீதானே புக்குல போட்ட! எம் பிள்ள பொறந்த எடம்லா அது” என்கிறார். அய்யாவு அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவரிடம்தான் இன்னொரு சாவி இருக்கிறது. மழைக்காலத்தில் கதவைத் திறந்துவிடுவது எப்போதும் அவர்தான், உங்களுக்குத் தெரியும்.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை விழா. மாவட்டத்திலிருந்து பெரியவர்கள் எல்லாம் அந்தத் தூணுக்கு முன்னால் நின்று படம் எடுக்க வருகிறார்கள். மேசையும் மாலையும்கூட அங்கேதான் ஏற்பாடு. இப்போது போய்க் கோட்டை அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். நான்தான் தப்பாக அளந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அட்டையை வாசித்தவரும் இருப்பார்.

தூணின் அதே பச்சையில் ஒரு டின் பெயிண்ட் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். விழா முடிந்த மறுநாள் முதல் வேலையாக அழிக்கிறேன். ஒன்பது நாள்தானே.

இதைப் போனில் பேசலாம். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பிரேமலா

—

தங்காக்
8 டிசம்பர்

என் பிரேமலா,

சனிக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லி ஆற்றிடம் பேசிவிட்டாயா?

மறுநாள் இல்லை. விழா முடிந்தும் இல்லை. இதைப் படித்த கையோடு டின்னைத் திற. யாராவது கேட்டால், தப்பாக அளந்தது மீரா பீவி என்று சொல். எனக்கென்ன, வேலையா போய்விடும்? தாராளமாக என் பெயரைச் சொல்.

நீ எண்ணைத் திறந்ததாகச் சொன்னாய். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், அடித்து அடித்து நிற்கிறது. விழா வேலையில் போனை எங்கேயோ வைத்துவிட்டாய் போல. குறுஞ்செய்தியும் போட்டிருக்கிறேன். இங்கே குனோங் லேடாங் மலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடக்கிறது. உங்கள் பக்கம் எப்படி இருக்கிறதோ. அல்லாஹ் காப்பாற்றட்டும்.

அய்யாவு அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல்: சாவியைக் கொடுக்கச் சொல்.

மீராக்கா

—

பள்ளிக்கூட மண்டபம்,
சுங்கை கெலாடி
27 டிசம்பர்

அக்கா,

உங்கள் எட்டாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. உறை நனைந்து காய்ந்து கோணலாக இருந்தது. எழுத்து கலையவில்லை. அன்றைக்கு உங்கள் அழைப்பையும் பார்த்தேன். திட்டுவீர்கள் என்று எடுக்கவில்லை. செய்தியையும் திறக்கவில்லை.

விழா நடக்கவில்லை. வியாழக்கிழமை காலையிலேயே ஆறு ரோட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹேமநாதன் லோரியில் தங்கராஜை ஏற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தேன். அவர் நன்றாக இருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ராசம்மா அக்காவைக் காணவில்லை, ஷாமளா பிள்ளைகளைக் காணவில்லை, ஆற்றோர வீடுகளில் பாதிப் பேரைக் காணவில்லை. எங்கே போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பொம்பா ஆட்களின் மீட்புப் படகில் நானும் போனேன். என்னை ஏற்றமாட்டேன் என்றார்கள், தொற்றிக்கொண்டேன். நூலகத்துக் கதவு திறந்திருந்தது. எல்லோரும் மேசை மேல் உட்கார்ந்திருந்தார்கள், கையில் நான் கொடுத்த புத்தகம். தண்ணீர் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராசம்மா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “இதோட நின்னுடும், பாரு” என்றார். நான் கத்தினேன், அக்கா. கோடு பொய், நான்தான் தப்பாக அளந்தேன் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். சொல்லப் பயந்த அதே வார்த்தைகள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு முழுகியது. அதற்குப் பிறகுதான் எழுந்தார்கள்.

எல்லோரையும் ஏற்றினோம். அய்யாவு அண்ணன் மட்டும் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார். “நா போட்ட கோடு. நாற்பது வருஷத்துல தாண்டினதில்ல. தாண்டுனா எதுவரைக்கும்னு நாந்தான் பாக்கணும். நீ போ, புள்ளைங்கள கொண்டுபோ” என்றார். படகில் இடமும் இல்லை. இறக்கிவிட்டு வந்துவிடுவோம் என்று புறப்பட்டோம். பாலத்துப் பக்கம் இழுப்பு அதிகமாகிவிட்டது. படகால் திரும்ப அந்தப் பக்கம் போக முடியவில்லை.

தண்ணீர் வடிந்து உள்ளே போக ஞாயிற்றுக்கிழமை ஆனது. அண்ணன் வாசிப்பு அறை மூலையில் கிடந்தார். கூடவே நான் வாங்கி வைத்த பச்சை டின்.

வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். தூணில் கோடு முழுகிய பிறகு சுவரில் போடத் தொடங்கியிருக்கிறார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பச்சைக் கோடுகள். கீழே இருப்பதெல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. அலமாரி உயரத்துக்கு மேலே போகப் போகக் குட்டையாகி, சாய்கிறது. அலமாரி மேல் ஏறி நின்று போட்டிருக்கிறார். கடைசிக் கோடு கூரைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. முற்றத்துப் படியில் ஏறி நின்று பார்த்தேன். இரண்டாயிரத்து ஆறைவிட உயரம்.

அழிக்க வாங்கிய பெயிண்ட், அக்கா. வாங்கிய அன்றே நான் திறந்திருந்தால் அந்தத் தூணில் நம்புவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. அவரும் சாவியைக் கொடுத்திருப்பார். ஒன்பது நாள் என்று எழுதினேனே உங்களுக்கு.

மேலிடத்தில் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்புகிறேன் என்கிறார்கள். வேண்டாம் என்று வாசலில் நின்று தடுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கடைசிக் கோட்டின் பக்கத்தில் வருடம் இல்லை. நான் எழுதப் போனேன். பேனா எடுத்து, ஏணி போட்டு, மேலே ஏறி, எழுத முடியாமல் இறங்கிவிட்டேன். கோடு அவர் கை. வருடம் உங்கள் கை. என் கை அதில் இனிமேல் படக்கூடாது.

ரோடு திறந்துவிட்டது. நவ்சாத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இந்தத் தடவை அட்டை இல்லை, நான்தான் கூப்பிடுகிறேன்.

பிரேமலா